மெல்போர்ன் வீட்டுக்கு வாஸ்து

"மெல்போர்ன்ல வாங்குற வீட்டுக்குத் திண்டுக்கல்ல வாஸ்து பாக்கணுமா அத்தை?"

வீடியோ காலில் சுகன்யா கேட்டே விட்டாள்.

"திசை எல்லா ஊர்லயும் திசைதேன். ரெண்டு வீட்டு பிளானையும் அனுப்பி வையி. வாஸ்து பாக்குற ஈஸ்வரன்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்" என்றாள் மாமியார் சண்முகவள்ளி.

சுகன்யாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அத்தையின் வாஸ்துப் பைத்தியம் அவளுக்குத் தெரியாததா? நன்றாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்த போர்வெல்லை மூடிவிட்டு, ஈசான மூலையில் வேறு போர் போட வைத்த அம்மாள் அது. விசேஷத்துக்குப் போன வீட்டில்கூட அடுப்படி எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்காமல் இலையில் உட்காரமாட்டாள்.

இரண்டு வீடுகளில் ஒன்று, சுகன்யா ஆசைப்பட்டது. டவுன்ஹவுஸ். வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒரு வீடு. மூன்று ரூம், பின்னால் நாலு தொட்டி வைக்கிற அளவுக்கு இடம். கூரை, வெளிச்சுவர், பெயின்ட் எல்லாவற்றையும் குடியிருப்போர் சங்கம் பார்த்துக்கொள்ளும். அவள் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்.

இன்னொன்று, அவள் கணவன் விக்னேஷ்குமார் ஆசைப்பட்டது. ஊருக்கு வெளியே தனி வீடு. ஐந்து ரூம், முன்னாலும் பின்னாலும் புல்தரை, எலுமிச்சை மரம்.

"டவுன்ஹவுஸ்னா நம்மூரு லைன் வீடு மாதிரிம்மா. ஆஸ்திரேலியா போயி லைன் வீடா வாங்கினேன்னு கேப்பாங்க" என்றான் விக்னேஷ்.

"அதானே" என்று இந்தப் பக்கம் ஒத்து ஊதினார் அப்பா காமராஜ். "நாலு பேரு போட்டோவப் பாத்தா வாயப் பொளக்கணும்ல."

"மாமா, அந்தப் புல்லை வாரா வாரம் வெட்டணும். அஞ்சு ரூமைத் துடைக்கணும். இங்க வேலைக்கு ஆள் வைக்க முடியாது. ஷிப்ட் முடிஞ்சு வந்து என்னால ஏலாது" என்றாள் சுகன்யா.

"நான் செய்ய மாட்டேனா?" என்றான் விக்னேஷ்.

"காலையில காபி குடிச்ச டம்ளர் இன்னும் சோபாவுக்கு அடியிலதான் கிடக்கு."

காமராஜ் சிரித்துவிட்டார். விக்னேஷ் சிரிக்கவில்லை.

"நீ சொல்றதுதாம்மா முடிவு. ஈஸ்வரன் சார் எதைச் சொல்றாரோ அதை வாங்கிக்கிறோம்" என்றான் பெருந்தன்மையாக.

பெருந்தன்மைக்குக் காரணம் இருந்தது. டவுன்ஹவுஸுக்குத் தெற்குப் பார்த்த வாசல். இரண்டு பக்கமும் அடுத்தவன் சுவர். அம்மா அதை மிதிக்கக்கூட மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். சுகன்யாவுக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பிளானையும் அனுப்பி வைத்தாள்.

மறுநாள் காலையில் பிளானைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து நாகல் நகரில் இருந்த ஈஸ்வரன் வீட்டுக்குப் போனாள் சண்முகவள்ளி. மதியம் திரும்பி வந்து சாமி கும்பிட்டுவிட்டு, போனை எடுத்தாள்.

"பெரிய வீடு வேணாம்யா விக்னேசு. அது குடும்பத் தலைவனுக்கு ஆகாதாம்."

"என்னம்மா சொல்ற? கெழக்க பாத்த வாசலாச்சே?"

"வாசல் மட்டும் நல்லா இருந்தா ஆச்சா? உள்ளுக்குள்ள சரியில்லையாம். உன் ராசிக்குத் தெக்கு வாசல்தேன் யோகமாம். சின்ன வீட்டையே முடிச்சுருங்க."

தலைவனுக்கே ஆகாது என்ற பிறகு தலைவன் என்ன பேசுவான்?

பின்னால் நின்றிருந்த சுகன்யாதான் போனை வாங்கினாள். "அத்தை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டவுன்ஹவுஸில் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போய் எடுத்த படங்களாக வந்தன. விக்னேஷின் முகத்திலும் புல்தரை போன வருத்தம் இல்லை. காமராஜும் அந்தப் படங்களைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் ஈஸ்வரன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, பையன் அந்தப் பெரிய வீட்டுக்குக் குடி போயாச்சா? அம்புட்டு அம்சமான வீட்ட நான் பாத்ததே இல்ல. அந்தச் சின்ன வீட்டத்தேன் தொடவே கூடாதுன்னு அக்காகிட்ட கண்டிசனாச் சொல்லிவிட்டேன்."

காமராஜ் பந்திக்குக்கூட உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"ஈஸ்வரன் சொன்னத அப்படியே மாத்திப் பிள்ளைககிட்ட சொல்லியிருக்க. ஏன் வள்ளி?"

மொச்சை உரித்துக்கொண்டிருந்த சண்முகவள்ளி தலை நிமிரவில்லை. "ஆமா. சொன்னேன்."

"வாஸ்துன்னா உசுர விடுவ. சரியில்லாத வீட்டுல பிள்ளைக இருக்குதுகளே, உனக்குப் பயமா இல்லையா?"

"பயமில்லாம? பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கிறேன், பிள்ளைகளுக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கப்பான்னு முருகங்கிட்ட வேண்டிக்கிட்டுத்தேன் அன்னைக்குப் போனையே எடுத்தேன்."

"அம்புட்டுப் பயந்துக்கிட்டு எதுக்கு அந்தப் பொய்யி?"

உரித்த மொச்சையை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள் சண்முகவள்ளி.

"இந்த வீடும் மூலைக்கு மூலை வாஸ்து பாத்துக் கட்டுன வீடுதேன். இருபத்தெட்டு வருசமா நான் ஒருத்தியாக் கூட்டித் துடைக்கிறேன். வீட்டுக்கு ஒரு குறையும் வரலைங்க. எனக்குத்தேன் இடுப்பு போச்சு."