ஏகாம்பரம் சாரின் ராஜினாமா

"இன்னியோட ராஜினாமாதான் கண்ணகி! என் கிளாஸுல நுழைஞ்சி எனக்கே கணக்கு சொல்லித் தராரு தாளாளரு!"

உத்திரமேரூரில் அந்தப் பள்ளிக்கு, கமாண்டு அடித்தே இயக்க வேண்டிய டாஸ் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து, கணக்கு வாத்தியார் ஏகாம்பரம் கோபம் வந்தால் அலுவலக அறைக்கு வந்து தானே கடிதம் அடிப்பார். புத்தகம் பார்த்துக் கற்ற கமாண்டுகள் மேல் அவருக்கு அத்தனை பெருமை.

அன்றும் அடித்து முடித்து டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பிரிண்ட் கொடுத்தபோது, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது கறுப்புத் திரை.

"இன்னா சார், மறுபடியும் அழிச்சிட்டீங்களா?" என்றாள் ஆபரேட்டர் கண்ணகி. "ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் போச்சு சார்."

"அரைகுறையா கத்துக்கினா இப்டிதாம்மா."

மணி அடித்தது. சாக்பீஸோடு வகுப்புக்கு ஓடினார்.

மறுநாள் காலை கண்ணகி வந்தபோது ஏகாம்பரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒளிச்சி வெச்ச ஃபைலைக் காட்டற கமாண்டு ஒண்ணு புக்ல கீதும்மா. நேத்து வூட்ல படிச்சேன்."

திரையில் அவருடைய ராஜினாமாக் கடிதங்கள் வரிசையாக நின்றன. மொத்தம் பன்னிரண்டு.

"நாந்தான் சார் ஒளிச்சி வெச்சேன். நீங்க போயிட்டா பத்தாங்கிளாஸ் பசங்க கதி இன்னா சார்?"

ஏகாம்பரம் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"பதிமூணாவது அடிச்சா அதையும் ஒளிச்சி வெச்சிடும்மா. இந்தக் கமாண்ட நான் மறந்துடறேன்."