ஒரு சாண் இடப்பக்கம்

மான் வேட்டைக்குத் துப்பாக்கி எடுக்க வந்தவன், புதியது ஒன்று, பழையது ஒன்று என இரண்டு துப்பாக்கிகளை நடுவில் புள்ளியிட்ட தனித்தனிப் பலகையில் சுட்டுப் பார்த்தான். எதை எடுப்பானோ என்று புதருக்குள் நின்ற மானுக்கு ஒரே ஆவல்.

புதுத் துப்பாக்கியின் குண்டு ஒன்று நடுப்புள்ளியில் பட்டது, மற்றவை எங்கெங்கோ போயின. பழையதன் ஐந்து குண்டுகளும் புள்ளிக்கு ஒரு சாண் இடப்பக்கம், ஒரே ஓட்டையில் நுழைந்தன.

"பழசையே எடுக்கட்டும், அது ஒருதரம்கூடக் குறியில் படவில்லை," என்றது மான்.

"ஒரே இடத்தில் ஐந்து தரம் கொத்துவது லேசில்லை," என்றது மேல்கிளையிலிருந்த மரங்கொத்தி.

வேட்டைக்காரன் பழையதை மடியில் வைத்து, குழலின்மேல் குறிபார்க்கும் முள்ளைத் திருப்புளியால் துளி நகர்த்தினான். ஆறாவது குண்டுக்குப் பிறகு பழையதன் பலகையில் நடுப்புள்ளியைக் காணோம்.

மரங்கொத்தியிடம் சொல்லிக்கொள்ளக்கூட மான் நிற்கவில்லை.