தூக்குவாளி

பழைய பியர் ஆலையிலிருந்து புது இடத்துக்கு நாங்கள் எடுத்து வந்தது ஒரு தூக்குவாளி ஈஸ்ட் மட்டும்தான். சாற்றைப் புளிக்கவைத்துப் பியராக்கும் அந்த நுண்ணுயிர் செத்துவிட்டால் எங்கள் பியரின் ருசியும் போய்விடும். மூச்சு முட்டிவிடக் கூடாதென்று, காரில் அதை மடியில் வைத்திருந்த என் மனைவி டெல்ஃபின் வழியெல்லாம் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். இரண்டு மாடி உயரப் புதுத் தொட்டியில் மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு, நிறைந்திருந்தது. ஏணியில் ஏறி ஊற்றினேன். தொட்டியைப் பொருத்திய வேதரத்தினம் சிரித்தார். "இம்மாம் பெரிய தொட்டிக்கு இது எந்த மூலைக்கு சார்?" மறுநாள் காலை, தொட்டியிலிருந்து காற்று வெளியேறும் குழாயின் முனை மூழ்கியிருந்த வாளித் தண்ணீரில் ஒரு குமிழி வந்தது. மதியத்துக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது. வேதரத்தினம் எஃகின் மேல் உள்ளங்கையை வைத்தார். இளஞ்சூடு. ஆட்களை அதட்டியே வேலை வாங்குகிற மனிதர், கையை எடுக்காமல் கிசுகிசுத்தார்: "யாரும் சத்தம் போடாதீங்கப்பா."