இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா, மகள், அப்பாவின் தங்கையான அத்தை, பழைய இசைத்தட்டுக் கடைக்காரர். அப்பா இறந்து முப்பத்துநான்கு நாள் ஆகியிருந்தது.

அப்பா சேர்த்தவை மேடை இசை நாடகங்களின் தட்டுகள். நடித்தவர்களே பாடிப் பதிவானவை. மொத்தம் முந்நூற்று நாற்பது.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணி முடித்தார்.

"ஐம்பத்திரண்டு, வேற வேற நாடகம். மீதி இருநூத்தி எண்பத்தெட்டும் ஒரே நாடகம்மா."

அந்த உறைகள் எல்லாவற்றிலும் ஒரே கதாநாயகி சிரித்தாள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணனுக்கு வீட்டுல ஒரு பொண்டாட்டி, பெட்டியில இருநூத்தி எண்பத்தெட்டு!"

"அத்தை, சும்மா இருங்க" என்றாள் மகள்.

"அவ சொல்றதுல என்ன தப்பு?" என்றாள் அம்மா. "முப்பத்தொரு வருஷம் இவ மூஞ்சியோட குடித்தனம் பண்ணிட்டேன். கடைசி மூணு மாசமும் இந்த அறைக் கதவைச் சாத்திக்கிட்டு இவளோடதான் உட்கார்ந்திருந்தார். மருந்து கொடுக்கக்கூட நான் கதவைத் தட்டணும். ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிடுங்க."

கடைக்காரர் ஒரு தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு வேறொரு பெட்டியிலிருந்து நான்கு.

"இதை நான் எடுக்க முடியாதும்மா. எல்லாத்துலயும் கீறல்."

"பழசுன்னா கீறல் இருக்காதா?"

"பழைய கீறல் இல்ல. ஓரம் இன்னும் வெள்ளையா இருக்கு பாருங்க. ரெண்டு மூணு மாசத்துக்குள்ள, ஊசியால வேணும்னே போட்டது. எல்லாத்துலயும் ஒரே இடம். இரண்டாம் பக்கம், மூணாவது பாட்டு."

அவர் ஒன்றைச் சுழலவிட்டார். இரண்டாவது பாட்டைக் கதாநாயகி பாடி முடித்தாள். அடுத்து மூன்றாவதை அவளுடைய தோழி பாட வேண்டும். அவள் வாய் திறக்கும் முன்பே ஊசி டக்கென்று குதித்து நாலாவது பாட்டுக்குப் போய்விட்டது.

அத்தையின் முகம் மாறியது. "அண்ணி... தோழியா நடிச்சது நீங்கதானே?"

"அம்மா, நீயா?" என்றாள் மகள். "நீ பாடுவியா?"

"ஒரே நாடகம். அந்த ஒரே பாட்டு."

மகள் உறையிலிருந்த முகத்தைச் சுட்டினாள். "அவ பாட்டுல ஒரு தூசி கூட இல்ல. உன்னோடதை மட்டும் தேடித் தேடிக் கீறியிருக்காரே! அப்படி என்னம்மா கோபம் அப்பாவுக்கு உன்மேல?"

அம்மா தட்டை எடுத்துக் கீறலைத் தடவினாள்.

கடைக்காரர்தான் பேசினார். "அவர் ஒரு மாதிரியான ஆள்மா. மத்தவங்க தட்டு நல்லா இருக்கான்னு கேப்பாங்க. இவர் கேட்டதே இல்ல. 'வேற யார்கிட்ட இருக்கு?' அவ்வளவுதான். விலாசம் வாங்கிட்டுப் போய், அவங்க காலைப் பிடிச்சாவது வாங்கிட்டு வந்துடுவார்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதிவு அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். பாட்டு பாதியில குரல் உடைஞ்சு கிறீச்சுன்னு போயிடுச்சு. 'இன்னொரு தரம் பாடறேன்'னு கெஞ்சினேன். நேரம் இல்லன்னு அப்படியே தட்டு போட்டுட்டாங்க. ஊர்ல அதைப் போட்டுப் போட்டுச் சிரிச்சாங்க. நான் கடைத்தெருவுக்குப் போனா, பின்னாலயே யாராவது கிறீச்சுன்னு கத்துவாங்க. ஒரு வருஷம் நான் வாசல் தாண்டல."

"அப்பா என்ன சொன்னார்?"

"'இனிமே அது யார் காதுலயும் விழாது, போதுமா?'ன்னார். அழுகையை நிறுத்தறதுக்குச் சொல்றார்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்ல. நானும் கேக்கல. தட்டு மட்டும் ஒவ்வொண்ணா வீட்டுக்கு வந்துச்சு. நான் அந்த மூஞ்சியைத்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு உறையைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள்.

"தான் போனதும் இதெல்லாம் வெளியே போயிடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் கடைக்காரர் மெதுவாக. "இந்தத் தட்டு மொத்தம் எத்தனை அடிச்சாங்கம்மா?"

"முந்நூறு."

கணக்கை அம்மாவே சொன்னாள்.

"இன்னும் பன்னிரண்டுதான் பாக்கி வெச்சிருந்தார்."