யாரும் குடியில்லாத வீடு

"நீங்க இங்க குடியிருக்கீங்களா?"

வீடு கட்டும் கம்பெனியின் சைட் சூப்பர்வைசர் வாசலில் நின்று கேட்டபோது, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் பனியனும் துண்டுமாக, வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார்.

"சேச்சே! சும்மா வீட்டைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்" என்றார், நுரையோடு.

உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"அது என்ன?"

"பக்கத்து வீட்ல சார்."

"பக்கத்து வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டலையே."

கடைக்காரர் நுரையை விழுங்கினார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். ஆனால் என்ன செய்வது? கட்டுகிற கம்பெனி எட்டு மாதம் இழுத்தடித்ததில், வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பெட்டி படுக்கை, மனைவி, மாமியார் சகிதம் இந்த அரைகுறை வீட்டுக்குள் நுழைந்து இருபது நாளாயிற்று.

ஒப்பந்தத்தின் பதினாலாவது ஷரத்தோ, 'ஒப்படைப்புக்கு முன் உரிமையாளர் குடியேறினால், வீட்டை உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்கிறது. குடியிருப்பது தெரிந்தால் போச்சு, ஒரு ஓட்டையைக்கூடக் கம்பெனி அடைத்துத் தராது. பதினெட்டு வருஷம் ஊர்க்காரர்கள் மூக்கிலெல்லாம் கண்ணாடி மாட்டிச் சேர்த்த காசில் கட்டுகிற வீடு!

சூப்பர்வைசர் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நேரே படுக்கையறைக்குப் போனார்.

"இந்தக் கட்டில்?"

"ரூம்ல கட்டில் அடங்குமான்னு போட்டுப் பார்த்தோம்."

"மேல போர்வை?"

"கட்டில்ல தூசி படக்கூடாதுல்ல?"

"போர்வைக்குள்ள யாரு?"

போர்வை எழுந்து உட்கார்ந்தது. "நான் விருந்தாளி தம்பி. இதோ கிளம்பிட்டேன்" என்றார் மாமியார், கிளம்பாமல்.

"கட்டில் ஏன் நட்ட நடுவுல கிடக்கு? கூரை ஒழுகுதா?"

கடைக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒழுகுகிறது என்றால், எப்படித் தெரியும் என்று கேட்பான். ஒழுகவில்லை என்றால், அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவான்.

"ஒழுகலாம் சார். ஒழுகாமலும் இருக்கலாம். அதைச் சொல்ல நாங்க யாரு?"

அந்த நேரம் பார்த்து, விடியற்காலையில் பெய்த மழையின் மிச்சம் சூப்பர்வைசரின் ஹெல்மெட்டில் டொக்கென்று விழுந்தது. மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"நாங்க இப்பத்தான் முதல் தடவை பார்க்கறோம்" என்றார் கடைக்காரர் அவசரமாக.

சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார்.

சமையலறையில் கடைக்காரரின் மனைவி முதுகால் குக்கரை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மேடம், பாத்ரூம் எப்படி?"

"அந்தப் பக்கமே போனதில்லை."

"தலை ஈரமா இருக்கே?"

"மழை."

"மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சு."

"எனக்குத் தலை லேட்டாத்தான் காயும்."

"சரி. வீட்ல குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கறேன்."

அவ்வளவுதான். அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"குறை இல்லையா? குளிச்சா தண்ணி ஹாலுக்கு வருது! அடுப்பு பத்த வச்சா புகை வெளியிலயே போகாது! நேத்து பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கி இந்த மனுஷன் ஒரு மணி நேரம் உள்ளயே கத்திக்கிட்டுக் கிடந்தார்!"

"ஏய், ஏய்..." கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க! கட்டிலை நாலு மூலைக்கும் நகர்த்திப் பார்த்தாச்சு, எங்க போட்டாலும் சொட்டுது!"

"வராண்டாவை விட்டுட்டியே" என்று மாமியார் உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். "முந்தாநாள் அந்த டைல்ஸ்ல வழுக்கி விழுந்தேன். இடுப்பு இன்னும் நிமிரலை."

"விருந்தாளியம்மா, மெதுவா சொல்லுங்க" என்றார் சூப்பர்வைசர், தாளைத் திருப்பியபடி. "எந்தப் பக்கமா விழுந்தீங்க?"

"இடது பக்கமா."

விடாமல் கேட்டுக் கேட்டு எழுதினார். முக்கால் மணி நேரத்தில் பதினேழு குறை. கார்பன் பிரதியைக் கிழித்துக் கடைக்காரர் கையில் திணித்தார்.

"நாளைக்கு சீஃப் இன்ஜினியர் வர்றார். கட்டில், குக்கர், விருந்தாளி எதுவும் அவர் கண்ணுல படக்கூடாது."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"கெடுத்தியே காரியத்தை! நம்ம வாயாலயே ஒப்புக்க வச்சுட்டு, நாளைக்குள்ள காலி பண்ணவும் சொல்லிட்டுப் போறான் படுபாவி!" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மனைவி அழுதே விட்டார்.

"என்னதான் எழுதியிருக்கான், வாசிங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

கடைக்காரர் வாசித்தார்.

"'குடியிருப்போர்: எவரும் இல்லை.'"

"என்னது?"

"'குறைகள் பதினேழு. எல்லாம் ஒப்படைப்புக்கு முன் கம்பெனி சரிசெய்து தர வேண்டியவை. கண்டறிந்தவர்: சைட் சூப்பர்வைசர். ஒன்று, படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. நானே கட்டில் போட்டுப் படுத்துப் பார்த்தேன். இரண்டு, சமையலறையில் புகை போகவில்லை. நானே சமைத்துப் பார்த்தேன். மூன்று, குளியலறைத் தண்ணீர் ஹாலுக்கு வருகிறது. நானே குளித்தேன். நான்கு, தாழ்ப்பாள் சிக்குகிறது. நானே ஒரு மணி நேரம் உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்...'"

மாமியார் தாளை வாங்கிக் கடைசி வரியைப் படித்தார்.

"'பதினேழு, வராண்டா டைல்ஸ் வழுக்குகிறது. நானே முந்தாநாள் இடது பக்கமாக விழுந்தேன். இடுப்பு இன்னும் நிமிரவில்லை.'"