சுவரை எழுப்பியது யார்?

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இந்த வீட்டுக்காரருக்கு எங்க சங்கத்தைக் கண்டாலே ஆகாது" என்றாள் செயலாளர், சாத்தியிருந்த பச்சைக் கதவைக் காட்டி.

மெதுவாகப் பேச அங்கே யாரும் பேசிக்கொண்டிருக்கவே இல்லை. வெளியூரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஆளுக்கொரு போனில் இருந்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பெண் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் நிழல் தேடி ஒதுங்கியிருந்தார்.

ஊர் வரலாற்றுச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை நடை எப்போதும் இப்படித்தான் ஆரம்பிக்கும். மணிக்கூண்டைக் காட்டுவாள், மூடிக் கிடக்கும் அச்சகத்தைக் காட்டுவாள். தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசி முடித்ததும், "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்று ஒரு கேள்வி வரும்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. முட்டி வேறு விண்விண்ணென்று வலித்தது. வந்தவர்கள் முன்னால் நொண்டக் கூடாது என்று வீம்பாக நிமிர்ந்தே நடந்தாள்.

அதிலும் இன்று நகராட்சி அதிகாரி ஒருவர் கூட்டத்தோடு வந்திருந்தார். சங்கத்தின் அறையை எடுத்துக் கிடங்காக்கிவிடலாமா என்று பார்க்க வந்தவர். "ஜனங்க இதுக்கெல்லாம் வர்றாங்களா, வந்தவங்க மறுபடி வர்றாங்களா, அதுதாம்மா எனக்குத் தெரியணும். நாலு பழைய படத்துக்கு எதுக்கு ஒரு ரூம்?" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை போனால் சங்கம் போச்சு. செயலாளர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தாள்.

"இந்தப் பச்சைக் கதவும் அந்த நீலக் கதவும் ஒரு காலத்துல ஒரே வீடு. அண்ணன் தம்பிக்குள்ள கிணத்துத் தண்ணிக்காகச் சண்டை வந்துது. தம்பி ஒரே ராத்திரியில வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பிட்டார். அதுக்கப்புறம் சாகற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கலை."

பச்சைக் கதவு படாரென்று திறந்தது.

"யாரு சொன்னா?" என்று கத்திக்கொண்டே ஒரு பெரியவர் வெளியே வந்தார். தலை கலைந்திருந்தது, சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. "அந்தத் தம்பி எங்க கொள்ளுத்தாத்தா! சுவரை வெச்சது அவரில்ல, அந்த அண்ணங்காரன்!"

"சார், எங்க சங்கத்துல விசாரிச்சு..."

"உங்க சங்கத்தைத் தூக்கி உடைப்புல போடு! தேஞ்ச முட்டியை வெச்சுக்கிட்டு வீட்ல கெடக்காம, அடுத்தவன் குடும்பத்தை நாறடிக்கிறதுதான் உனக்குப் பொழைப்பா?"

வெளியூர்க் கணவன் போனைப் பைக்குள் போட்டான். மனைவி இன்னும் நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றாள்.

"கெணறு எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு! நீலக் கதவுக்குப் பின்னாடி. சுவர் எழுப்பறவன் கெணத்தை எதிராளிக்கு விட்டுட்டா எழுப்புவான்? கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பீங்க!"

"அவர் சொல்றதும் நியாயந்தானே?" என்றாள் வங்கிப் பெண். கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

"என்ன நியாயம்? கோவத்துல எழுப்பறவன் கெணத்தையா பாப்பான்?" தபால்காரர் நிழலைவிட்டு வெயிலுக்கே வந்துவிட்டார்.

"எல்லா வீட்லயும் அண்ணன்தாங்க இப்படி" என்றாள் வெளியூர் மனைவி. அவள் கணவன் மூத்தவன் போலிருக்கிறது. "ஏன், உன் கொழுந்தன் மட்டும் யோக்கியமா?" என்று அவன் பாய்ந்தான்.

சத்தம் கேட்டுத் தெருவில் நாலைந்து பேர் கூடினார்கள். சைக்கிளில் போனவர் இறங்கி நின்று யார் பக்கம் சேரலாம் என்று யோசித்தார். பெரியவர் எல்லாரையும் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, "இனிமே இந்தத் தெருப் பக்கம் காலெடுத்து வெச்சே, நடக்கறதே வேற!" என்று கதவை அறைந்து சாத்தினார்.

அதிகாரி அவளருகே வந்தார். முகம் சிவந்திருந்தது. அவள் தயாராக நின்றாள்.

"ஏம்மா, இந்த வீட்டோட பழைய வரைபடம் எதாவது இருக்கா? எனக்கென்னமோ அண்ணன் மேலதான் சந்தேகம்."

"இருக்கு சார். சங்கத்து ரூம்ல."

தெருவில் கூடியவர்கள் உட்பட அத்தனை பேரும் அறைக்கு வந்தார்கள். உட்கார இடம் போதாமல், வரைபடத்தைச் சுற்றி நின்றுகொண்டே சண்டை போட்டார்கள். தபால்காரர் தன் வீட்டில் ஒரு பழைய படம் இருப்பதாகவும், அதைச் சங்கத்துக்கே கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

"ரூம் உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நான் எழுதிடறேன்" என்றார் அதிகாரி, போகும்போது. "அடுத்த வாரம் வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். அந்த வீட்டு வழியாத்தானே போவீங்க?"

"வேற வழியில்ல சார்."

எல்லாரும் போனபின் அறையைப் பூட்டினாள். பார்க்க ஆளில்லாததால் தாராளமாக நொண்டிக்கொண்டே நடந்தாள். அறை தப்பித்த சந்தோஷத்தைக்கூட நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் அளவுக்கு அசதி.

பச்சைக் கதவின் முன்னால் வந்து நின்று தட்டினாள்.

கதவு திறந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெரியவர் நின்றார். தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"தொண்டை போச்சுடி, அடுத்த வாரம் நீ வீட்ல இருந்து கத்து, நான் ஊரைச் சுத்திக் காட்டறேன்."