ஒன்றரைக் கிலோ

குறைந்தது ஆயிரம் கிலோ இருக்க வேண்டிய பந்தயக் கார், தராசில் ஒன்றரைக் கிலோ குறைந்து நின்றது.

மூன்றாவது முறை ஏற்றி இறக்கியும் அதே கதைதான்.

எங்கள் கடைத்தெருவில் ஆயிரத்துக்கு ஒன்றரை மட்டும் குறைத்து நிறுப்பவனை மகான் என்று கும்பிடுவார்கள். பந்தயத்தின் சோதனை அதிகாரியிடம் அந்த நியாயம் எடுபடாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லி. ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்த தகட்டுக்காகப் போன வருடம் ஒரு வண்டியை வீட்டுக்கு அனுப்பியவர்.

"வழியில எது கழண்டு விழுந்துச்சுன்னு சொல்லுங்க, அந்த எடையைக் கூட்டிக்கிறேன். கால் மணி நேரம். இல்லேன்னா முதல் இடம் ரெண்டாவதா வந்தவருக்கு."

முதல் இடம் என் மச்சானுடையது. மனைவியின் தம்பியான அவன் ஓட்டி, நான் திருகாணி திருகாணியாக முடுக்கிய வண்டி. ஆறு வருடத்தில் முதல் வெற்றி.

தேடினேன்.

கண்ணாடி இருந்தது. மட்கார்டு இருந்தது. போல்ட்டுகளை எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றரைக் கிலோ இருந்த இடம் தெரியாமல் போக, அதென்ன கற்பூரமா?

இன்னொன்றும் உறுத்தியது. காட்டுப்பாதையின் கடைசி வளைவுகளில் மச்சான் எங்கள் கணக்கைவிட ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்திருந்தான். முன்னால் போய்க்கொண்டிருந்தவர் அதைவிடத் தாமதமாகி இரண்டாவதாக வந்ததால்தான் ஜெயித்தோம்.

மச்சானோ, டயர் மேல் உட்கார்ந்து கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, வர்ற வழியில எதையாவது வித்துட்டு வந்தியா?"

"விடுங்க மாமா."

இருக்கைக்குப் பின்னால் கைவிட்டேன். சிவப்புத் தீயணைப்பான். தூக்கினால், சுரைக்குடுக்கை மாதிரி லேசாக வந்தது.

மில்லியின் முகமே கொஞ்சம் மலர்ந்தது. தீயை அணைக்கப் பயன்படுத்தியிருந்தால் அந்த எடையைச் சேர்த்துக்கொள்ளலாமாம். எங்கே, எதற்கு என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதுமாம். பேனாவை நீட்டினார்.

எங்கள் வண்டியில் ஒரு கம்பிகூடக் கருகியிருக்கவில்லை.

மச்சான் அந்தப் பேனாவை வாங்கவில்லை.

"கை பட்டுத் தானா பீய்ச்சிடுச்சு சார்."

கை பட்டதற்கு விதியில் சலுகை கிடையாது. மில்லி தானே எழுதிக்கொண்டார். முதல் இடம் போயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனோடு பேசவில்லை. பக்கத்துக் கூடாரத்துக்கு நடந்தேன். புதிதாக முதல் இடம் பெற்றவரை வாழ்த்தப் போனேன் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். என்னதான் நடந்தது என்று பார்க்கத்தான் போனேன்.

அவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக நின்றார். என்னைக் கண்டதும் பார்வையைத் தரைக்கு இறக்கினார். விரல்களில் கொப்புளம்.

எஞ்சினுக்குள் கம்பிகள் கருகியிருந்தன. சந்து பொந்தெல்லாம் வெள்ளைப் பொடி.

அவருடைய தீயணைப்பான் காலடியில் கிடந்தது. அதன் பூட்டு ஊசி வளைந்து சிக்கி, முத்திரை உடையாமல், நிறைந்தபடியே.

பாதையில் சக போட்டியாளர் உதவினால், உதவி வாங்கிய வண்டி போட்டியிலிருந்து வெளியே. எரிகிற வண்டிக்கும் அதே விதிதான்.

பின்னால் மில்லியின் குரல் கேட்டது. அடுத்ததாக இந்த வண்டியைச் சோதிக்க வந்துகொண்டிருந்தார்.

நான் சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பானெட்டுக்குள் குனிந்து அந்த வெள்ளைப் பொடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.